கட்டினவங்கதான் அவுக்கணும்

புத்தகம் வழவழப்பான தாளில் அச்சாகியிருந்தது. அட்டையில் பழுப்புச் சிவப்பு வேகன் ஒன்றின் படம். 'நூறாண்டு கண்ட நம் பட்டறை – நிறைவு விழா மலர், 2006' என்று தங்க எழுத்தில் போட்டிருந்தார்கள். கொளஞ்சி அதை மஞ்சப்பையில் சுற்றி, கீழ்புத்துப்பட்டிலிருந்து சைக்கிளிலேயே மரக்காணம் உப்பளத்துக்குக் கொண்டுவந்திருந்தான்.

"ஈரக் கையோட தொடாதீங்க அண்ணி. மை எறங்கிடும்."

தையல்நாயகி கூடையை வரப்பில் கவிழ்த்துவிட்டுக் கையைப் புடவையில் துடைத்தாள். பங்குனி வெயில் பாத்திகளில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. உப்பு அம்பாரத்தின் நிழலில் குந்தி, எட்டாவது வரை படித்த படிப்பை வைத்துக்கொண்டு விரலால் வரியைத் தொட்டுத் தொட்டுப் படித்தாள். கொளஞ்சி எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. ஆனால் நாற்பத்தோராம் பக்கத்தின் மூலையை மடித்து வைத்திருந்தான்.

"1987 மார்ச்சில், உப்பு வேகன் பகுதியில் தற்காலிகக் கூலி ஒருவர், எச்சரிக்கை அடையாளம் எதுவும் வைக்காமல் வேகனுக்கு அடியில் சென்று, தமது அஜாக்கிரதையால் உயிரிழந்தார். பட்டறையின் நூறாண்டு வரலாற்றில் இது ஒன்றே கரும்புள்ளி."

இரண்டாம் முறையும் படித்தாள்.

"பேரு கூட இல்ல," என்றாள்.

"இல்ல அண்ணி."

"புள்ளின்னு மட்டும் போட்டிருக்காங்க."

கொளஞ்சி செருப்பால் வரப்பு மண்ணைக் கீறிக்கொண்டு நின்றான். பத்தொன்பது வருஷமாக அவள் எதிரில் அவன் இப்படித்தான் நிற்கிறான். வீட்டு விசேஷத்துக்கு வருவான், ஓரமாக உட்கார்ந்து சாப்பிடுவான், போய்விடுவான். அவள் புருஷனின் சாவு விசாரணையில் 'நான் எதையும் பாக்கல' என்று சொன்னவன் அவன். மறு வருஷமே பட்டறையில் வேலை நிரந்தரமானவனும் அவன்தான். அவள் அவனைத் திட்டியதில்லை. திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும். அந்த லேசைக்கூடக் கொடுக்கக் கூடாது என்றுதான் அவள் வாயைத் திறக்கவில்லை.

"யாரு எழுதினது?"

"வேற யாரு. நம்ம ஃபோர்மேன்தான். அர்ச்சுனன் சாரு. ரிட்டயராகி சும்மாதான இருக்காரு, மலர் கமிட்டிக்குத் தலைவராப் போட்டுட்டாங்க. ஞாயித்துக்கெழம விழா."

தையல்நாயகி புத்தகத்தை மூடி மஞ்சப்பையில் போட்டாள். திருப்பிக் கொடுக்கவில்லை.

அந்தப் புத்தகத்தில் பட்டறையின் வரலாறு நன்றாகத்தான் எழுதப்பட்டிருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் நான்கு தகரக் கொட்டகைகளோடு ஆரம்பித்தது. மர வேகன் போய் இரும்பு வேகன் வந்தது. யுத்த காலத்தில் இரவு பகலாக மூன்று ஷிப்டு ஓடியது. நான்கு முறை கேடயம் வாங்கியது. மீட்டர் கேஜ் பாதையை எல்லாம் பிடுங்கிவிட்டு அகலப் பாதை போட்டபின் வேலை இல்லாமல் இப்போது மூடப்படுவது. எல்லா ஃபோர்மேன்களின் படமும் வரிசையாக இருந்தது. கேன்டீனில் முதன்முதலில் மசால் தோசை போட்ட தேதிகூட இருந்தது.

உப்பு வேகன்களில் கூலிக்கு வேலை பார்த்த கேங்கைப் பற்றி அந்த ஒரு வரியைத் தவிர வேறில்லை.

உப்பு ஏற்றும் வேகன் மற்ற வேகன் மாதிரி கிடையாது. நெல் ஏற்றினால் கூட்டிவிட்டு அனுப்பலாம். உப்பு ஏற்றினால் அது தரைத் தகடு வழியாகக் கசிந்து அடிச்சட்டம் வரைக்கும் இரும்பைத் தின்னும். ரெண்டு மழைக்காலம் தாண்டினால் தகடு அப்பளம் மாதிரி உதிரும். அதற்கு அடியில் மல்லாந்து படுத்து, சுத்தியலால் துருவைத் தட்டி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, சாயம் அடிக்க வேண்டும். தட்டும்போது துருவும் உப்பும் சேர்ந்து கண்ணில் விழும். பட்டறையின் நிரந்தரத் தொழிலாளிகள் ஒரு வாரம் செய்துவிட்டு முடியாது என்று யூனியனில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அப்புறம்தான் யாரோ ஒருவருக்கு யோசனை வந்தது: உப்பு தின்ற இரும்பைத் தட்ட உப்பில் ஊறிய ஆட்களையே கூப்பிடலாமே. மரக்காணம் பக்கமிருந்து பதினாறு பேர் போனார்கள். மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை இருக்காது. பட்டறையில் வருஷம் பூராவும் இருந்தது. அவர்களில் ஒருவனாகத் தையல்நாயகியின் புருஷன் பாவாடை போனபோது அவளுக்குக் கல்யாணமாகி நான்கு மாதம்.

"என்னாடி, ரயில்வே வேலைக்காரன் பொண்டாட்டி," என்று பாத்தியில் பெண்கள் சீண்டுவார்கள்.

"ரயிலுக்கு மேல இல்ல, கீழ படுக்குற வேல," என்பாள் அவளும் சிரித்துக்கொண்டு. பின்னாளில் அந்தப் பேச்சு நினைவுக்கு வந்தபோதெல்லாம் பல்லைக் கடித்தாள்.

பட்டறையில் ஒரு ஒழுங்கு இருந்தது. வேகனுக்கு அடியில் போகிறவன் தண்டவாளத்தில் சிவப்புப் பலகையை மாட்ட வேண்டும். அதன் கொக்கியில் தன் எண் பொறித்த பித்தளை வில்லையைத் தொங்கவிட வேண்டும். வேலை முடிந்து அவனே வந்து தன் வில்லையை எடுக்கிறவரை அந்த வேகனை யாரும் நகர்த்த முடியாது. ஃபோர்மேனாக இருந்தாலும் முடியாது. நல்ல ஒழுங்குதான். ஆனால் வில்லை நிரந்தர ஆட்களுக்கு மட்டும்தான். கேங்க் ஆட்களுக்கு ஒரு தாளில் பேர் இருந்தது, அவ்வளவுதான். பலகை கேட்டால், "வில்ல இல்லாத ஆளுக்குப் பலக எதுக்குடா?" என்று ஸ்டோரில் சிரித்தார்கள்.

அதனால் அவர்கள் உப்பளத்து வழக்கத்தைக் கொண்டுபோனார்கள். உப்பளத்தில் வாய்க்காலுக்குள் இறங்கிச் சேறு அள்ளுகிறவன், தண்ணீர் இறைக்கும் எஞ்சின் மேல் தன் துண்டைக் கட்டிவிட்டுத்தான் இறங்குவான். துண்டு கட்டியிருந்தால் எஞ்சினை எவனும் ஓட்ட மாட்டான். முதலாளியே வந்து நின்றாலும் கட்டினவன் கரையேறி வந்து அவிழ்க்கணும். அதே மாதிரி பட்டறையில் பதினாறு பேரும் வேகனின் கைப்பிடிக் கம்பியில் துண்டைக் கட்டினார்கள். முதலில் சிரித்தவர்கள், பிறகு பழகிப்போனார்கள். எஞ்சின் ஓட்டுகிற ஷன்டர் தட்சணாமூர்த்தி தினமும் வேகனை இழுக்குமுன் கீழே இறங்கி, வரிசை நெடுக ஒரு நடை நடந்து துண்டு இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால் இழுக்க மாட்டார். பதினோரு வருஷம் இப்படி நடந்தது. ஒருத்தனுக்கும் நகம்கூடப் பெயரவில்லை.

அந்த மார்ச் மாதம் சென்னையிலிருந்து பெரிய அதிகாரி பார்வையிட வந்தார். முதல் நாளே சுண்ணாம்புக் கோடு போட்டார்கள், தொட்டிச் செடி வைத்தார்கள். காலையில் அர்ச்சுனன் ஒரு சுற்று வந்தபோது உப்பு வேகன் வரிசையில் பதினாறு அழுக்குத் துண்டுகள் ஆடிக்கொண்டிருந்தன. "என்னாய்யா இது, வண்ணான் துறையா?" என்று கேட்டார். பெருக்குகிற ஆளைக் கூப்பிட்டுக் கூடையில் எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னார். கேங்கில் பதினைந்து பேர் அப்போது டீ குடிக்கப் போயிருந்தார்கள். வரிசையின் கடைசி வேகனுக்கு அடியில், தட்டுகிற வேலையை முடித்துவிட்டே வருகிறேன் என்று பாவாடை இருந்தான். வரிசையை ஒதுக்கி வைக்க உத்தரவு வந்தது. தட்சணாமூர்த்தி வழக்கம்போல இறங்கி நடந்தார். ஒரு துண்டும் இல்லை. ஏறி இழுத்தார்.

விசாரணையில் இரண்டே கேள்வி கேட்டார்கள். சிவப்புப் பலகை இருந்ததா? இல்லை. வில்லை இருந்ததா? இல்லை. துண்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை.

தையல்நாயகிக்கு இதெல்லாம் பின்னால் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. ஆனால் முதல் நாளே ஒன்று தெரிந்துவிட்டது. அவனுடைய சாமான்களை ஒரு மூட்டையாகக் கொடுத்தார்கள். சட்டை சட்டையாக இல்லை. துண்டு மட்டும் ஒரு பொட்டு ரத்தம் இல்லாமல், நாலாக மடித்து இருந்தது. பாவாடை தன் ஆயுசில் துண்டை மடித்தவன் இல்லை. கயிறு மாதிரி முறுக்கித் தோளில் போடுகிறவன். வேறு யாரோ மடித்திருக்கிறார்கள் என்று அவளுக்கு அந்த இடத்திலேயே தெரிந்தது.

ஊரில் வேறு கதை ஓடியது. குடித்துவிட்டு வண்டிக்கு அடியில் தூங்கினானாம். அப்போது மூன்று வயதாக இருந்த மகள் ஜெயா அந்தக் கதையைக் கேட்டே வளர்ந்தாள். பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள், பொம்மையார்பாளையத்தில் அவளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் சண்டை வரும்போதும் சொன்னார்கள். வாயால் பேசுகிறவரை தையல்நாயகி பொறுத்தாள். இப்போது தங்க எழுத்துப் போட்ட புத்தகத்தில் வந்துவிட்டது. ஜெயாவின் பிள்ளை நாளைக்குப் படிக்கும்.

மறுநாள் வேலைக்குப் போகாமல் அர்ச்சுனன் வீட்டுக்குப் போனாள். திண்டிவனத்தில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும். பட்டறைக்குப் பக்கத்திலேயே மாடி வீடு. அவர் மனைவி விஜயலட்சுமி கதவைத் திறந்து, யார் என்று தெரியாமலே உள்ளே வரச் சொல்லி மோர் கொடுத்தாள். தையல்நாயகி தம்ளரைத் தொடவில்லை.

"பாவாடை சம்சாரங்க நானு."

அர்ச்சுனன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவருக்கு அந்தப் பேரை நினைவுபடுத்த வேண்டியிருக்கவில்லை.

"உக்காரும்மா."

"நிக்கறேன். நாப்பத்தொண்ணாம் பக்கத்துல ஒண்ணு எழுதியிருக்கீங்க. அத மாத்தணும். எச்சரிக்கை வெச்சுட்டுத்தான் அடியில போனாரு. துண்டு கட்டியிருந்தாரு."

"துண்டு ரூல்ல இல்லம்மா. விசாரணை ரிப்போர்ட்ல என்ன இருக்கோ அதத்தான் போட முடியும்."

"ரிப்போர்ட்ல இல்லாததெல்லாம் போட்டிருக்கீங்களே. மசால் தோச ரிப்போர்ட்ல இருந்துச்சா?"

உள்ளேயிருந்து விஜயலட்சுமி எட்டிப் பார்த்தாள்.

"அச்சாயிடுச்சும்மா," என்றார் அர்ச்சுனன். "இருநூறு காப்பி. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது. எத்தினி வருஷம் ஆச்சு. பழச எதுக்குக் கெளர்ற?"

"நானா கெளர்றேன்? சிவனேன்னு இருந்தேன். நீங்கதான தோண்டி எடுத்து எழுதினீங்க."

"நான் யார் பேரையும் போடல. மரியாதைக்குத்தான் பேர விட்டேன்."

"எடுத்தவரு பேரையும் விட்டுட்டீங்க. அதுவும் மரியாதைக்குத்தானா?"

அர்ச்சுனன் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்தார். விஜயலட்சுமியைப் பார்த்து, "கதவச் சாத்து, ஈ வருது," என்றார்.

திரும்பும் வழியெல்லாம் பஸ் ஜன்னல் கம்பியைப் பிடித்த கை அவளுக்கு விடவில்லை. இறங்கும்போது கண்டக்டர், "யம்மா, கம்பிய எங்களுக்கு விட்டுட்டுப் போங்க," என்றான். அவள் பார்த்த பார்வையில் விசிலை வாயில் வைத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை ட்ரங்குப் பெட்டியைத் திறந்தாள். நாலாக மடித்த துண்டு அப்படியே இருந்தது. பத்தொன்பது வருஷமாக அவள் அந்த மடிப்பைக் கலைத்ததில்லை. எவனோ போட்ட மடிப்பு, சாட்சிக்கு இருக்கட்டும் என்று வைத்திருந்தாள். இப்போது உதறிப் பிரித்தாள். முறுக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

பட்டறை வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். கொட்டகைக்குள் ஒரே ஒரு வேகன் நின்றது. கடைசியாகப் பழுது பார்த்தது. அதைச் சின்ன எஞ்சின் இழுத்துக்கொண்டு போய், ரிப்பனை அறுத்துக்கொண்டு வாசல் பக்கத்து மேடையில் நிறுத்த வேண்டும். அங்கேயே நினைவுச் சின்னமாக இருக்குமாம். எஞ்சினில் தட்சணாமூர்த்தி. அவருக்கும் அந்த மாதத்தோடு ஓய்வு. பந்தலில் பெரிய அதிகாரி, பக்கத்தில் சால்வையோடு அர்ச்சுனன். மேசையில் விழா மலர்ப் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. நானூறு, ஐந்நூறு பேர் இருப்பார்கள். எல்லாரும் மைக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தையல்நாயகியை யாரும் தடுக்கவில்லை. பெருக்க வந்தவள் என்று நினைத்திருக்கலாம். அவள் கொட்டகைக்குள் நடந்து போய், வேகனின் கைப்பிடிக் கம்பியில் துண்டைக் கட்டினாள். இரண்டு முடிச்சு. உப்பு மூட்டை கட்டிக் காய்த்துப்போன கையில் முடிச்சு இறுக்கமாக விழுந்தது. கட்டிவிட்டு அங்கேயே நின்றாள்.

விசில் ஊதினார்கள். தட்சணாமூர்த்தி எஞ்சினிலிருந்து இறங்கினார். ஒரு வேகன்தான், இருந்தாலும் நடந்தார். பாதியில் நின்றார். துண்டைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். திரும்பிப் போய் எஞ்சின் படியில் உட்கார்ந்துகொண்டார்.

இரண்டாம் விசிலுக்கும் வண்டி வராததால் பந்தலிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அர்ச்சுனன் சால்வையோடு வேகமாக வந்தார்.

"என்னா தட்சணாமூர்த்தி, ரிப்பேரா?"

"துண்டு கட்டியிருக்குது சார்."

"அதுக்கு? அவுத்துப் போட்டுட்டு இழுப்பா. ஐயா காத்துட்டிருக்காரு."

"கட்டினவங்கதான் அவுக்கணும்."

"ஏம்பா, வெளையாடுறியா? எந்த ரூல்ல இருக்குது?"

"இந்தப் பட்டறையில இருந்துச்சு சார். பதினோரு வருஷம் தெனமும் எறங்கிப் பாத்துட்டுத்தான் இழுத்தேன். அன்னிக்கும் பாத்தேன். இல்ல, இழுத்துட்டேன்." அவர் எழுந்திருக்கவில்லை. "துண்டப் பத்தி அன்னிக்கு என்னைக் கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேனான்னு தெரியல. இப்ப கேக்காமலே சொல்றேன். அந்தத் துண்ட எடுக்கச் சொன்னது நீங்க."

கூட்டம் கூடிவிட்டது. பெரிய அதிகாரியும் வந்து நின்று என்ன விஷயம் என்று கேட்டார். யாரோ சொல்ல ஆரம்பித்து நிறுத்தினார்கள். அர்ச்சுனன், "பழைய விவகாரம் சார், இந்தம்மாவுக்குப் புத்தி—" என்றார்.

"பதினாறு," என்றது ஒரு குரல். கொளஞ்சி. கூட்டத்தின் ஓரத்தில், வழக்கம்போலத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "அன்னிக்குப் பெருக்கினவன் நான்தான். கூடையில பதினாறு துண்டு. டீ குடிக்கப் போனவங்க பதினஞ்சு பேரு. கூட ஒரு துண்டு இருக்குதேன்னு எனக்கு அப்பவே தெரியும். வாயத் தொறக்கல. அப்புறம் நான்தான் அத மடிச்சு மூட்டையில வெச்சேன்."

தையல்நாயகி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அந்த மடிப்பு யார் கை என்று பத்தொன்பது வருஷம் யோசித்திருந்தாள். அவனை அறையலாம் போலிருந்தது. அதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று அர்ச்சுனன் பக்கம் திரும்பினாள்.

அதிகாரி அர்ச்சுனனைப் பார்த்தார். "உண்மையா?"

அர்ச்சுனன் சால்வையைச் சரிசெய்தார். கேங்கில் மிச்சமிருந்த ஆறேழு கிழவர்கள் முன்னால் வந்து வேகனை ஒட்டி நின்றார்கள்.

"உங்களுக்கு என்னம்மா வேணும்?" என்று அதிகாரி கேட்டார்.

"நாப்பத்தொண்ணாம் பக்கத்த அவரு கையால திருத்தணும். இங்கியே."

ஒரு மலரைக் கொண்டுவந்தார்கள். அதிகாரி தன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அர்ச்சுனனிடம் நீட்டினார். அர்ச்சுனன் வேகனின் பக்கவாட்டில் புத்தகத்தை வைத்து, வரியை அடித்தார். கொளஞ்சி வாங்கிவந்து அவளிடம் காட்டினான்.

"அடிச்சா போதுமா? அப்பிடி ஒருத்தரு இல்லவே இல்லன்னு ஆயிடும். எழுதச் சொல்லு."

மறுபடி போய் வந்தது. 'பாவாடை என்ற தொழிலாளி எச்சரிக்கையாகத் துண்டு கட்டியிருந்தார். அது அங்கு இல்லாமல் போனதால் விபத்து நேர்ந்தது.' விரலை வைத்து மெதுவாகப் படித்தாள்.

"துண்டு தானா அவுந்து எங்க போச்சு? கடலுக்குக் குளிக்கப் போச்சா?"

கிழவர்களில் ஒருவர் சிரித்துவிட்டு வாயை மூடினார். பந்தலில் நாகஸ்வரக்காரர்கள் எதற்கோ வாசிக்க ஆரம்பித்து, யாரோ கையமர்த்த, நிறுத்தினார்கள். அர்ச்சுனன் புத்தகத்தை மறுபடி வேகனில் வைத்து எழுதினார். இம்முறை கொளஞ்சியிடம் கொடுக்காமல் தானே கொண்டுவந்து நீட்டினார். 'அதை எடுக்க உத்தரவிட்டது நான். அர்ச்சுனன், ஃபோர்மேன்.'

அவள் படித்தாள். புத்தகத்தை மார்போடு வைத்துக்கொண்டாள்.

"மத்ததுலயும்," என்றாள்.

"இருநூறு காப்பிம்மா," என்றார் அர்ச்சுனன்.

"ஞாயித்துக்கெழமதான. எனக்கு வேல இல்ல."

மேசையைக் கொட்டகைக்குள் தூக்கிவந்து போட்டார்கள். அர்ச்சுனன் உட்கார்ந்து எழுதினார். கொளஞ்சி ஒவ்வொரு புத்தகமாக அந்தப் பக்கத்தைப் பிரித்து வைத்தான். அதிகாரி சாப்பிடப் போனார். மதியத்துக்கு மேல் விஜயலட்சுமி வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கணவனுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் வைத்தாள். தையல்நாயகிக்கும் ஒரு தம்ளரில் கொண்டுபோய்க் கொடுத்தாள். தையல்நாயகி அதை வாங்கிக் குடித்தாள். துண்டின் முடிச்சிலிருந்து மட்டும் கையை எடுக்கவில்லை. கோபம் தணிந்தபாடில்லை. இவ்வளவு சின்ன வேலைக்கு இவர்களுக்குப் பத்தொன்பது வருஷம் ஆகியிருக்கிறதே என்று அது இன்னும் ஏறிக்கொண்டுதான் இருந்தது.

கடைசிப் புத்தகம் முடிந்தபோது மணி நாலு. ரிப்பனைக் காற்று எப்போதோ அறுத்துவிட்டிருந்தது. நாளெல்லாம் பிடித்திருந்ததில் முடிச்சு இறுகியிருந்ததால் பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தாள். துண்டில் துரு வாசனை வந்தது. தட்சணாமூர்த்தி எஞ்சின் படியிலிருந்து எழுந்தார். வேகனை ஒருமுறை முழுக்கச் சுற்றி வந்தார். இந்தப் பக்கக் கம்பியைப் பார்த்தார், அந்தப் பக்கக் கம்பியைப் பார்த்தார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, வேகனுக்கு அடியிலும் பார்த்தார்.

"யாரும் இல்ல," என்றாள் தையல்நாயகி. "இழுங்க."